குமுதா நேர்ந்துவிட்ட முடி

அறுபது வயது தாண்டியும் அய்யாவுக்குத் தலை நிறைய முடி. நரைத்துவிட்டதுதான். ஆனாலும் வாரிவிட்டால் அலையலையாகப் பின்னால் போய்க் கழுத்தில் விழும். கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டிய காலத்தில், கேட்டில் நிற்கும் காவல்காரர் லோரி நம்பரைப் பார்க்கமாட்டார். கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் முடியைப் பார்த்தே கேட்டைத் திறந்துவிடுவார்.

அய்யாவு பிறந்தது பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் நாடகத்தை மட்டும் அவர் விடவில்லை. கோயில் திருவிழா, சங்கத்து ஆண்டு விழா என்று எங்கே மேடை கட்டினாலும் ஏதாவது ஒரு வேடம் அவருக்குக் கிடைத்துவிடும். போலீஸ்காரர், கங்காணி, எமகிங்கரன். ஒருமுறை பிணமாகக்கூட நடித்திருக்கிறார். "உண்மையிலே செத்தவன்கூட இவ்ளோ அழகாப் படுக்க மாட்டான் அண்ணே," என்று பார்த்தவர்கள் பாராட்டினார்கள். கதாநாயகன் வேடம் மட்டும் வரவே இல்லை. அந்த ஆசையை அவர் வெளியில் சொன்னதில்லை. சொன்னால் குமுதா சிரிப்பாள். குமுதா அவருடைய மனைவி.

லோரியை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அந்த வேடம் தேடி வந்தது. பிரிக்பீல்ட்ஸில் தாரா என்று ஒரு பெண். தொழிலுக்கு வக்கீல், ஆசைக்கு நாடகம். வைபி அழகுமலையின் கதையை நாடகமாக எழுதியிருந்தாள். அழகுமலை ரப்பர்த் தோட்டத்துக்காரர்களுக்காகப் பேசிப் பேசியே சட்டமன்றத்துக்குப் போய், 'வைபி' என்ற உறுப்பினர் பட்டம் வாங்கியவர். மேடையில் பேசும்போது தலையை ஒரு சிலுப்பு சிலுப்புவார். அவருடைய அலை முடி எழும்பி விழும். கூட்டம் பேச்சுக்குப் பாதி, முடிக்குப் பாதியாகக் கை தட்டும். பேர் உச்சத்தில் இருந்தபோது தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, வலது கையும் காலும் போய், பேச்சும் போய்விட்டது. அதற்குப் பிறகும் அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. எப்படி முடங்காமல் இருந்தார் என்பதுதான் நாடகம்.

அழகுமலையாக நடிக்கத் தாரா பல பேரைப் பார்த்தாள். அய்யாவு அந்த மாடி அறைக்குள் நுழைந்ததும் அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அங்கிள், இந்த முடி ஒங்களோடதா?"

"பின்ன? பாசார்லயா வாங்குனேன்?"

"வெட்டவே கூடாது. ஷோ முடியிற வரைக்கும் பார்பர் கடைப் பக்கமே போகாதீங்க. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ் லா."

அன்றிலிருந்து அய்யாவுவின் நடையே மாறிவிட்டது. வாரத்துக்கு மூன்று தரம் கோமுட்டர் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி நடந்துபோய் ஒத்திகை பார்த்தார். முதல் காட்சியில் தலைவர் பேசும் நீண்ட பேச்சை ரயிலிலேயே வாய்க்குள் முணுமுணுத்தார். எதிரில் உட்கார்ந்த மலாய்க்கார அம்மா, மந்திரம் ஓதுகிறார் என்று நினைத்து மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார். வீட்டில் வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இடது கையால் சோறு தின்று பழகினார்.

"இடது கையில சோத்த அள்ளுனா வீடு வெளங்குமா? மகளுக்கு மாசம் ஆயிருச்சு, நெனப்பு இருக்கா ஒங்களுக்கு?" என்று குமுதா கத்தினாள்.

நினைப்பு இல்லாமலா? ஒரே மகள் விஷ்ணுப்ரியா. அவளுக்குக் கல்யாணமாகி வெகு நாள் கழித்து வயிற்றில் தங்கிய முதல் பிள்ளை. பிரசவத்துக்குத் தாய்வீட்டில்தான் இருந்தாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலே அய்யாவு கார் சாவியைத் தேடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். முகத்தைப் பார்க்குமுன் முடிதான் தெரிந்தது. கருகருவென்று, ஈரத்தோடு, நெற்றியை மூடிக்கொண்டு. அய்யாவுக்கு வாயெல்லாம் பல். தெரிந்தவர், தெரியாதவர், தரை துடைக்கும் பங்களாதேஷ் தம்பி என்று எல்லாரிடமும், "பேத்தி! எனக்கு!" என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது குமுதா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்லுவேன். கோவிக்கக் கூடாது."

"இன்னைக்கா? இன்னைக்கு எவன் வந்து அடிச்சாலும் கோவம் வராது. சொல்லு."

"புள்ள நல்லபடியாப் பொறக்கணும்னு பத்துமலை முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேன். மொட்டை."

"நல்ல காரியந்தானே. போட்டுக்க."

"எனக்கு இல்ல. ஒங்களுக்கு."

அய்யாவு அப்படியே நின்றார். "என் முடிய நீ நேர்ந்தியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம? ஏன், ஒன் முடிக்கு என்ன வந்துச்சு?"

"பொம்பள மொட்டை போட்டா நல்லாவா இருக்கும்? அதுவும் இல்லாம, இந்த வீட்டுலயே ஒசத்தியான பொருள் ஒங்க முடிதான். சாமிக்குக் குடுக்கறத மட்டமாவா குடுக்கறது?"

திட்டுவதா, பெருமைப்படுவதா என்று அய்யாவுக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக குமுதாவே வழியும் சொன்னாள். குழந்தை இருக்கும் வீடு, தீட்டு. முப்பதாம் நாள் கும்பிட்டுத் தீட்டுக் கழித்த பிறகுதான் கோயில். நாடகம் அதற்கு முன்னாலேயே, வருகிற மூன்றாவது சனிக்கிழமை. முருகன் பொறுப்பார், தாராவுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். அய்யாவு நிம்மதியாக வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் தலையை ஒரு சிலுப்பு சிலுப்பிப் பார்த்துக்கொண்டார்.

பேத்தி வீட்டுக்கு வந்தாள். கிளினிக் நர்ஸ் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒருநாள் குழந்தையின் மூக்கை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "குனிங்," என்றார். மஞ்சள் காமாலை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அளவு ஏறியிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே குழந்தையின் கண்ணைத் துணியால் கட்டி, நீல விளக்குக்கு அடியில் படுக்கவைத்தார்கள். இது நிறைய குழந்தைக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். விஷ்ணுப்ரியா பயப்படாமல் இருந்தாள். மாப்பிள்ளை கிஷன்கூட பயப்படவில்லை. மறுநாளும் அளவு இறங்கவில்லை.

குமுதா ஒன்றும் பேசவில்லை. அதுதான் அய்யாவுவைப் போட்டு வாட்டியது. எதற்கெடுத்தாலும் பேசுகிறவள், ஆஸ்பத்திரி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தரம் தலையைத் தூக்கி அவருடைய முடியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டீ குடிச்சிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு அய்யாவு வெளியே வந்தார். வந்தவர் டீக்கடைக்குப் போகவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே பத்துமலைக்குப் போனார்.

வீட்டில் தீட்டு என்பது அவருக்கு மறக்கவில்லை. அதனால் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை, படியும் ஏறவில்லை. அடிவாரத்தில் மொட்டை போடும் இடத்தில் போய்த் தலையைக் கொடுத்தார். தண்ணீரை ஊற்றிவிட்டுக் கத்தியை எடுத்த தம்பி ஒரு நிமிஷம் தயங்கினான்.

"அண்ணே, இவ்ளோ நல்ல முடி. கன்பர்ம்மா?"

"எடு லா. நான் மனச மாத்துறதுக்குள்ள எடு."

முடி மடியில் விழுந்தது. அய்யாவு கண்ணைத் திறக்கவில்லை. சந்தனத்தைத் தடவிக்கொண்டு, வெயிலில் நின்று, தூரத்திலிருந்தே கும்பிட்டார். "உள்ள வந்து கும்பிட முடியாத நெலம, ஒனக்கே தெரியும். முடி வந்துருச்சு. புள்ளையப் பாத்துக்க."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது குமுதா அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "தீட்டோட யாரு ஒங்கள கோயிலுக்குப் போகச் சொன்னா?"

"உள்ள போகல. ரோட்டுலேருந்தே கணக்க முடிச்சிட்டேன்."

அன்று சாயந்திரம் மஞ்சள் இறங்க ஆரம்பித்தது. விளக்குதான் இறக்கியது என்றார் டாக்டர். குமுதா டாக்டரோடு சண்டைக்குப் போகவில்லை. விளக்கைக் கொடுத்தது யாராம் என்று மட்டும் அய்யாவுவின் காதில் கேட்டாள்.

குழந்தை வீட்டுக்கு வந்து, தூளியில் படுத்து, பால் குடித்துத் தூங்கிய பிறகுதான் அய்யாவுக்குத் தாராவின் நினைப்பு வந்தது. நாடகத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி.

மறுநாள் ஒத்திகைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனார். உள்ளே வந்து உட்கார்ந்தும் தொப்பியைக் கழற்றவில்லை.

"அங்கிள், கேப்ப எடுங்க. ஸ்பீச் சீன் போறோம்," என்றாள் தாரா.

எடுத்தார். தாரா கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தாள்.

"முடி எங்க அங்கிள்?"

"பத்துமலையில."

அவர் நடந்ததைச் சொன்னார். தாரா பாதிக் கதையில் கண்ணைத் துடைத்தாள், மீதிக் கதையில் தலையைப் பிடித்துக்கொண்டாள். தலைவரின் தம்பியாக நடிக்கும் அருணன் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினான். அருணன் பேங்கில் வேலை செய்கிறவன். அவனுக்கும் நல்ல முடி. எல்லாருடைய வசனமும் அவனுக்கு மனப்பாடம்.

பரதநாட்டிய சாமான் விற்கும் கடையிலிருந்து ஒரு டோப்பா வாங்கிவந்து மாட்டிப் பார்த்தார்கள். அது ஆண்முடியா பெண்முடியா என்றே தெரியவில்லை. அய்யாவு தலையைச் சிலுப்பினார். டோப்பா காதுப் பக்கம் திரும்பி நின்றது.

"அண்ணே, தலைவர் மாதிரி இல்ல. தலைவரோட மாமியார் மாதிரி இருக்கீங்க," என்றான் அருணன்.

எல்லாரும் சிரித்தார்கள். அய்யாவுவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தாரா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. அருணன் தலைவரா செய்யட்டும். நீங்க டாக்டர் பார்ட் எடுத்துக்குங்க. டாக்டர் மொட்டையா இருந்தா பரவால்ல."

"சரி லா, தாரா. நான்தானே வாக்கு மீறுனேன்."

வாய் சரி என்றது. ஆனால் டோப்பாவைக் கழற்றக் கை வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்த ஒரு வேடம். முடிக்கு அவர் வருத்தப்படவில்லை. பேத்திக்காக இன்னொரு தலை இருந்தால் அதையும் கொடுப்பார். ஆனாலும் அந்த நீண்ட பேச்சு வாய்க்குள்ளேயே தங்கிவிட்டதே.

அந்த நேரம் பார்த்து படியேறி ஒரு வயதான அம்மா வந்தார். வெள்ளைப் புடவை, கையில் குடை, மூச்சு வாங்கியது. வைபி அழகுமலையின் மனைவி தனலெட்சுமி. ஒத்திகையை வந்து பார்க்கும்படி தாராதான் கூப்பிட்டிருந்தாள். மொட்டைத் தலையில் பாதி டோப்பாவோடு உட்கார்ந்திருந்த அய்யாவுவைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அத எடுங்க தம்பி," என்றார்.

அய்யாவு டோப்பாவை எடுத்தார்.

தனலெட்சுமி கிட்டே வந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்படித்தான் வீட்டுக்கு வந்தாரு," என்றார்.

"யாருங்க ஆன்டி?" என்று கேட்டாள் தாரா.

"யாரு? எங்க வீட்டுக்காரருதான். தலையத் தொறந்து ஆப்பரேஷன் பண்ணுறவன் முடிய வெச்சிக்கிட்டா பண்ணுவான்? முழுசா வழிச்சிட்டான். ஒனக்குக் குடுத்த போட்டோ எல்லாம் முடி வளந்ததுக்கு அப்புறம் எடுத்தது. அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுக்க விடலயே."

நாற்காலி போட்டார்கள். தனலெட்சுமி உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கை போச்சு, கால் போச்சு, அழல. பேச்சு போச்சு, அதுக்கும் அழல. ஒருநா கண்ணாடியில தலையப் பாத்துட்டு அழுதாரு பாருங்க, சின்னப் புள்ள மாதிரி. வெளிய வரமாட்டேனுட்டாரு. ஜனங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. கட்சிக்காரங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? தலைவர் பத்துமலைக்கு மொட்டை போட்டிருக்காரு, விரதம், அதான் பேச மாட்டேங்கிறாருன்னு சொல்லிட்டாங்க."

அய்யாவு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நேர்த்திக்கடன்னு சொன்னாங்களா?"

"ஆமா தம்பி. ஜனங்களும் நம்புனாங்க. சந்தனத்தத் தடவி நாற்காலியில ஒக்கார வெச்சு ஒரு கூட்டத்துக்குக் கொண்டுபோனாங்க. மைக்ல ஒருத்தன், நம்ம தலைவர் நமக்காக முடி குடுத்தாருன்னு சொல்றான். ஒரே கைதட்டு. இவரு மொகம் மாறிருச்சு. என் கையப் புடிச்சு இழுத்தாரு. இழுத்து அவரு தலையில வெச்சாரு. சந்தனத்தத் தொடைன்னு காட்டுறாரு. தொடைச்சேன். எல்லாரு முன்னாலயும் தலையக் குனிஞ்சாரு. தையல் போட்ட தழும்பு இங்கேருந்து இங்க வரைக்கும்." அவர் தன் காதுக்கு மேல் விரலால் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். "கூட்டமே அமைதியாயிருச்சு. அன்னைக்குத்தான் இவருக்கு வாயில ஒரு வார்த்தை வந்துச்சு. 'வாங்க'ன்னாரு. டாக்டரு சொன்னாரு, சில பேருக்கு ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருக்குமாம். இவருக்கு அதுதான் மிச்சம். வரவங்களையும் வாங்க, போறவங்களையும் வாங்க. பசிச்சாலும் வாங்க. அத வெச்சே எலெக்ஷன்ல நின்னாரு."

"ஜெயிச்சாரா ஆன்டி?" என்று அருணன் கேட்டான்.

"எங்க! தோத்தாரு." தனலெட்சுமி சிரித்தார். "ஆனா மறுநா வீட்டுல கூட்டம் தாங்கல. எல்லாருக்கும் நான் டீ போட்டுப் போட்டு எனக்குத்தான் கை கால் வெளங்காமப் போச்சு. இவரு ராஜா மாதிரி ஒக்காந்துக்கிட்டு வாங்க வாங்கன்னாரு."

தாரா எழுந்து ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். முகத்தில் வெளிச்சம். "அருணன், நீ ஃபர்ஸ்ட் ஹாஃப். நல்லா இருக்கிற தலைவர். ஸ்பீச் ஒனக்கு. ஹாஸ்பிட்டல் சீன்லேருந்து அங்கிள்."

"அப்ப எனக்கு வசனம்?" என்றார் அய்யாவு.

"ஒரே வார்த்தைதான் அங்கிள்."

ரயிலில் மூன்று மாதம் முணுமுணுத்த பேச்சு அருணன் வாய்க்குப் போனது. அய்யாவுக்குக் கொஞ்சம் கசந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாரமும் தனலெட்சுமி தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். கோபத்தில் வாங்க என்று சொன்னால் தாடை எப்படி இருக்கும், தண்ணீர் கேட்கும்போது எப்படி, பேரப்பிள்ளையைக் கூப்பிடும்போது எப்படி. வீட்டில் அய்யாவு எதற்கெடுத்தாலும் வாங்க என்றார். தூளியைக் குனிந்து பார்த்து, "வாங்க," என்றால் பேத்தி கையைக் காலை உதைத்தாள். "ஒரு வார்த்தையப் பேசறதுக்கு இந்தப் பாடா?" என்றாள் குமுதா. அவளைப் பார்த்தும் வாங்க என்றார். அது மட்டும் சமாதானத்துக்கு.

மூன்றாவது சனிக்கிழமை மாலை. சம்பந்தியம்மா வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டதால் குமுதாவும் வந்தாள். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் முன்வரிசையில் தனலெட்சுமி பக்கத்திலேயே இடம் கிடைத்தது. முதல் பாதியில் அருணன் பேசி முடித்துத் தலையைச் சிலுப்பியபோது கூட்டம் கை தட்டியது. திரைக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அய்யாவு, தன் மொட்டையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த பாதி அவருடையது. மேக்கப் செய்த பெண் காதுக்கு மேல் தழும்பு வரைந்து, அதன்மேல் சந்தனம் பூசியிருந்தாள். மேடையில் ஒருவன் மைக்கைப் பிடித்து, "நம்ம தலைவர் நமக்காக முருகனுக்கு முடி குடுத்திருக்காரு!" என்று கத்தினான். சபையில் இருந்தவர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். அய்யாவுவின் இடது கை மெதுவாக எழும்பியது. மனைவியாக நடித்த பெண்ணின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தார். அவள் துடைக்கத் துடைக்கச் சந்தனம் அழிந்தது. தழும்பு தெரிந்தது. கைதட்டு பாதியில் நின்றது. அவர் தலையைக் குனிந்தார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். இரண்டாவது வரிசையில் இருந்த ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

தலை நிமிர்ந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. உதடு இரண்டு மூன்று தரம் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

"வா...ங்க."

தனலெட்சுமி தன்னை மறந்து, "வரேங்க," என்றார். கீழேயிருந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பிறகுதான் மண்டபமே எழுந்து நின்றது.

திரை விழுந்ததும் குமுதா பின்பக்கம் வந்தாள். கண் சிவந்திருந்தது. புடவைத் தலைப்பால் அவர் தலையில் காய்ந்த சந்தனத்தைத் துடைத்தாள்.

"பாத்தீங்களா? நல்லவேள நான் நேர்ந்தேன். இல்லன்னா நீங்க என்னத்த நடிச்சிருப்பீங்க?"

"வாங்க," என்றார் அய்யாவு.

வெளியே வாசலில் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அருணனோடு படம் எடுத்தார்கள், இவரோடும் எடுத்தார்கள். பூச்சோங்கிலிருந்து வந்த ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஒடம்பு இப்ப எப்படி இருக்கு? பாக்கவே பாவமா இருந்துச்சு. ஆப்பரேஷன் எப்ப ஆச்சு?"

அய்யாவு விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கேன். தாத்தா ஆயிட்டேன், அவ்ளோதான் லா!"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பேத்தியின் படத்தைக் காட்டினார். அந்த அம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அடி ஆத்தா! பொறந்த புள்ளைக்கு இவ்ளோ முடியா?"

"இருக்காதா பின்ன?" என்றார் அய்யாவு, மொட்டையைத் தடவிக்கொண்டே. "என்னுது எல்லாம் அங்கதானே போயிருக்கு."